குப்பிக்குள் இருக்கும் மேஸ்திரி யாருக்குச் சொந்தம்?

சென்ற வாரம் கோட்டாறு கம்போளத்தில் பத்திரிகை விற்று முடித்துவிட்டு, சுமை தூக்கும் தோழர்கள் சிலருடன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒரு விவசாயத் தொழிலாளித் தோழரின் மகள் கையில் பெட்டியுடன் ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் தாய் படிக்க வைத்த பெண். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறாள்.

"அங்க உனக்கு என்ன வேலை மக்ளே?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார்.

"ஒரு குப்பிக்காக மூணு மாசமா காத்துட்டு இருக்கேன் மாமா. இப்ப அதுதான் வேலை."

"குப்பியா? அதுல என்ன இருக்கு?"

"பொடி. கண்ணுக்கே தெரியாது. பத்து மைக்ரோகிராம். வெல இருபத்தஞ்சாயிரம் ரூபா. அம்மை ரெண்டு மாசம் வயலுக்குப் போனாலும் அவ்வளவு துட்டு சேராது."

"அதென்ன, தங்கப் பொடியா?"

"தங்கம்னா எவ்வளவோ தேவலையே மாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்த பத்திரிகையின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு 25,000 ரூபாய் என்றால் ஒரு கிராமுக்கு 250 கோடி ரூபாய்! பெஞ்சில் சிரிப்பு அடங்கிவிட்டது. "அப்படி என்ன மாயம் அந்தப் பொடியில்?" என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பெண் அரை மணி நேரம் விளக்கினாள். அவள் சொன்னதையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது நம் கடமை என்று கருதுகிறோம். ஏனெனில் இது படித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

மேஸ்திரியின் வேலை

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் நடுவே ஓர் ஆபீஸ். அதற்கு உட்கரு என்று பெயர். அங்கே டிசைன் அட்டைகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஜக்கார்டு தறியில் வேலை செய்த தோழர்களுக்கு அட்டை என்றால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் உள்ள துளைப்படி பூ விழும். அட்டை மாறினால் பூவும் மாறும். உயிரணுவில் இருக்கும் இந்த அட்டைகளைத்தான் மரபணுக்கள் என்கிறார்கள். மனிதனுக்கு இவை சுமார் 20,000. ஒவ்வோர் அட்டையின்படியும் ஆலை ஒரு புரதத்தை நெய்கிறது.

இங்கேதான் வேடிக்கை. தோலில் உள்ள உயிரணுவிலும் இதயத்தில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே அட்டைக் கட்டுத்தான். பிறகு ஏன் ஒன்று தோலாகவும் மற்றது துடிக்கும் இதயமாகவும் இருக்கிறது? எந்த அட்டையை இன்று எடுப்பது, எதைக் கட்டி வைப்பது என்று தீர்மானிக்கும் மேஸ்திரிகள் வேறு வேறு. இந்த மேஸ்திரி ஆபீசுக்குள் போய், வேண்டிய அட்டையின் பக்கத்தில் நின்று, "இதைப் படியெடுத்து வெளியே அனுப்பு" என்று உத்தரவு போடுகிறான். அசல் அட்டை வெளியே வருவதில்லை, படிதான் வருகிறது. இந்த மேஸ்திரியும் ஒரு புரதமே. விஞ்ஞானிகள் இதைப் படியெடுப்புக் காரணி என்று அழைக்கிறார்கள். மனித உடலில் இத்தகைய காரணிகள் சுமார் 1,600 உண்டு. அந்தப் பெண் காத்திருக்கும் குப்பிக்குள் இருப்பது அப்படிப்பட்ட ஒரு மேஸ்திரிதான்.

மேஸ்திரியை மாற்றினால் ஆலையே மாறும் என்பதை ஜப்பானில் ஷின்யா யமனாக்கா 2006-ல் காட்டினார். எலியின் சாதாரண உயிரணுவுக்குள் நான்கு மேஸ்திரிகளை அனுப்பினார். அது தன் பழைய தொழிலை மறந்து, எந்தத் தொழிலையும் கற்றுக்கொள்ளக்கூடிய குழந்தை உயிரணுவாக மாறிவிட்டது. 2007-ல் மனித உயிரணுவிலும் அதைச் செய்தார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை தானாகத் திரும்ப முளைப்பதில்லை, தழும்பாகி நின்றுவிடுகிறது. மூட்டை தூக்கியே நெஞ்சு வலி கண்டு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த தோழர்கள் கோட்டாறில் எத்தனை பேர்! நோயாளியின் தோல் உயிரணுவையே எடுத்து, மேஸ்திரியை மாற்றி, இதயத் தசையாக ஆக்க முடியுமானால்? இதுதான் உலகத்தின் பல பரிசோதனைச் சாலைகளில் இன்று நடக்கும் முயற்சி.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முதலில் இந்த மேஸ்திரிகளை நேராக அனுப்பவில்லை. மேஸ்திரியைச் செய்யும் அட்டையை வைரஸ் மூலமாக உள்ளே நுழைத்தார்கள். அது கண்ட இடத்தில் போய்ச் செருகிக்கொண்டால் புற்றுநோய் வரலாம். ஆகவே, அட்டையை அனுப்பாமல் மேஸ்திரியையே, அதாவது புரதத்தையே அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். புரதம் உள்ளே போகும், வேலையைச் செய்யும், பிறகு கரைந்து போகும். நிரந்தரமாக எதையும் கலைக்காது. அதனால்தான் இந்தப் பொடிக்கு இவ்வளவு கிராக்கி.

யார் உழைக்கிறார்கள்?

சரி, இந்தப் புரதம் எப்படி உற்பத்தியாகிறது? மனித உடலிலிருந்தா பிழிந்து எடுக்கிறார்கள்? இல்லை. நம் குடலில் வாழும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவின் இனம்தான் இதற்குத் தொழிலாளி. அதற்குள் வளையம் போன்ற ஒரு சிறு மரபணுத் துண்டு உண்டு. அந்த வளையத்தை வெட்டி, மனித அட்டையைச் செருகி, மூடி, திரும்ப உள்ளே விட்டுவிடுகிறார்கள். இப்படி வெட்டி ஒட்டிச் செய்வதால் இதற்கு மறுசேர்க்கைப் புரதம் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973-ல் இந்த வழியைக் காட்டினார்கள்.

நல்ல கஞ்சியும் சூடும் கிடைத்தால் இந்த பாக்டீரியா சுமார் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒன்று பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும்! இந்த நூறு கோடித் தொழிலாளிகளும் செருகிய அட்டையைப் பார்த்து மனிதப் புரதத்தை நெய்கிறார்கள். பிறகு அவற்றை உடைத்து, ஆயிரக்கணக்கான பிற புரதங்களிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: அந்தப் புரதத்துக்கு முன்கூட்டியே ஒரு சிறு வால் கட்டிவிடுகிறார்கள். நிக்கல் உள்ள ஒரு குழாய் வழியே எல்லாவற்றையும் விட்டால், வால் உள்ளது நிக்கலைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும்.

கூலி கேட்காத பாக்டீரியா. கொஞ்சம் உப்பு, சர்க்கரை, சத்து நீர். அப்படியென்றால் விலை ஏன் இவ்வளவு? நியாயமான செலவே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். படித்த கைகளின் உழைப்பு இருக்கிறது. குளிர்ப்பெட்டி, சுத்தமான அறை, தரச் சோதனை எல்லாம் வேண்டும். வாங்குவோர் தொகையும் கொஞ்சம். புரதம் சில சமயம் கட்டி தட்டி வீணாகும். இவற்றுக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் குப்பி இங்கே வந்து சேர்வதற்குள் அயல்நாட்டுக் கம்பெனியின் லாபம், இங்குள்ள ஏஜெண்டின் கமிஷன், பனிக்கட்டி போட்டு விமானத்தில் வந்த கூலி, எல்லாவற்றின் மேலும் சர்க்காரின் வரி என்று அடுக்கடுக்காக ஏறுகிறதே, அதை யார் கொடுப்பது? பரிசோதனைச் சாலை மக்கள் பணத்தில் நடக்கிறது. நாம்தான் கொடுக்கிறோம்!

வரியைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் பரிசோதனைச் சாலை ரசாயனங்களின் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏற்றியது. நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூற்றைம்பது ரூபாய் வரி! விஞ்ஞானிகள் நாடெங்கும் கூக்குரலிட்ட பிறகு, சில நாட்களில் ஆராய்ச்சிக்கு வாங்குவோருக்கு அதைப் பழையபடி குறைத்தார்கள். கூச்சல் போடாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

நம்மால் முடியாதா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்ய வேண்டிய வேலை, நம்மால் ஆகுமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் கௌஹாத்தியிலும் வேலூரிலும் இருக்கிறது. கௌஹாத்தி ஐ.ஐ.டி.யில் ராஜ்குமார் தும்மர் என்பவரின் ஆராய்ச்சிக் குழு இந்த மேஸ்திரிப் புரதங்களை நம் நாட்டிலேயே ஈ. கோலியில் தயாரித்து வருகிறது. இதயம் உருவாகும்போது வேலை செய்யும் ஹேண்ட்-2 என்ற மனிதக் காரணியைத் தயாரித்து 2022-ல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியுடன் சேர்ந்து, தோல் முதலிய உயிரணுவை இதய உயிரணுவாக மாற்றுவதற்கு உதவக்கூடிய ஆறு புரதங்களின் தொகுப்பு ஒன்றையும் உருவாக்கியிருக்கிறது.

இதில் உள்ள கைத்திறனைப் பாருங்கள். மனித அட்டையை அப்படியே கொடுத்தால் பாக்டீரியாவுக்குச் சரியாகப் புரியாது. நாஞ்சில் நாட்டுப் பேச்சை வெளியூர்க்காரனுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதுபோல, அர்த்தம் மாறாமல் எழுத்தை மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். பிரித்தெடுக்க வால் கட்டுகிறார்கள். உயிரணுவின் சுவரைத் தாண்ட ஒரு சிறு துண்டு ஒட்டுகிறார்கள். அந்தத் துண்டு எய்ட்ஸ் வைரஸின் ஒரு புரதத்திலிருந்து கற்றுக்கொண்டது! மனிதனைக் கொல்லும் கிருமியின் சாவியைப் பிடுங்கி மனிதனைக் காக்கும் கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள். இதைச் செய்தவர்கள் சர்க்கார் நிறுவனத்தில், மக்களின் வரிப் பணத்தில் உழைக்கும் ஆராய்ச்சி மாணவர்களும் ஆசிரியர்களும்தான்.

அந்த மாணவர்களும் நம் வர்க்கத்துக்கு அந்நியர் அல்ல. 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் நாட்டின் ஆராய்ச்சி மாணவர்கள் உதவித்தொகையை உயர்த்தச் சொல்லித் தெருவுக்கு வந்தார்கள். அப்போது இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 25,000 ரூபாய். போராடித்தான் 31,000 ஆயிற்று. 2023-ல் 37,000 ஆயிற்று. ஒரு குப்பியின் விலையும் ஒரு மனிதனின் ஒரு மாத உழைப்பின் விலையும் அன்று ஒன்றாக இருந்தன என்பதை யோசித்துப் பாருங்கள்!

பழைய பாடம்

இனி நாம் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருவோம். நாம் தயாரித்தால் மட்டும் போதுமா? தயாரித்தது யார் கையில் சேரும்? இதற்கு இரண்டு பழைய கதைகள் உண்டு.

ஒன்று இன்சுலின். நீரிழிவு நோயாளிகளின் உயிரைக் காக்கும் இந்த மருந்தைக் கனடா நாட்டின் டொரண்டோவில் 1921-22-ல் கண்டுபிடித்தவர்கள், அதன் உரிமையை 1923-ல் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். மருந்து எல்லோருக்கும் என்பது அவர்கள் கருத்து. மாறாக, மரபணுவை வெட்டி ஒட்டும் வழிக்கு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1980-ல் காப்புரிமை பெற்றது. 1997-ல் அது முடிவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. இரண்டும் விஞ்ஞானமே. ஆனால் வழிகள் வேறு.

மற்றொன்று நம் நாட்டுக் கதை. மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் பி நோய்க்கான தடுப்பூசியும் மறுசேர்க்கைப் புரதம்தான். பாக்டீரியாவுக்குப் பதில் ஈஸ்ட்டில் தயாராவது. அயல்நாட்டுத் தடுப்பூசி ஒரு தவணை சுமார் 23 டாலர் விற்ற காலம் அது. ஹைதராபாத்தில் வரபிரசாத ரெட்டி 1993-ல் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும், பிறகு சர்க்காரின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இடம் கிடைத்தது. சர்க்காரின் தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம் கடன் கொடுத்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்ற 1970-ஆம் வருஷச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. 1997-ல் ஊசி வந்தது. போட்டி பெருகியதும் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. இன்று நம் வீட்டில் குழந்தை பிறந்தவுடன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்களே, அந்த ஊசி அப்படித்தான் நம் வாசலுக்கு வந்தது. 23 டாலர் என்பது இயற்கை விதியாக இருந்ததா? இல்லை. ஒரு டாலருக்குச் செய்ய முடிந்ததைத்தான் 23 டாலருக்கு விற்றார்கள்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சர்க்கார் இடத்திலும் சர்க்கார் கடனிலும் முளைத்த அந்தக் கம்பெனியின் பெரும்பங்கு 2006-ல் பிரெஞ்சு முதலாளிகளிடம் போயிற்று. 2009-ல் சனோபி என்ற பிரெஞ்சு ஏகபோகக் கம்பெனியின் கையில் சேர்ந்தது. 2005-ல் காப்புரிமைச் சட்டத்தையும் மாற்றி, மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நாற்றங்கால் நம்முடையது, நீர் நம்முடையது, அறுவடை வேறொருவனுக்கு!

பொதுத்துறையையாவது வளர்த்தார்களா? 2008-ல் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று சர்க்கார் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமத்தை நிறுத்தினார்கள். எதிர்ப்புக்குப் பின் 2010-ல்தான் திரும்பக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய சர்க்கார் தடுப்பூசி வளாகம், 2021-ல் கொரோனாவில் ஜனங்கள் ஊசிக்கு அலைந்தபோதும் உற்பத்தியின்றிக் கிடந்தது.

இந்தப் பாடங்களை மறந்தால் நாளை என்ன நடக்கும்? கௌஹாத்தியிலும் வேலூரிலும் பிறந்த மேஸ்திரிப் புரதம் ஏதேனும் ஒரு கம்பெனியின் பட்டியலில் ஏறி, அதே மாணவிக்கு அதே 25,000 ரூபாய்க்குத் திரும்ப வரும். பெயர்ப்பலகை மட்டும் சுதேசியாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தக் குப்பியின் மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். இது இன்று மருந்து அல்ல. பரிசோதனைச் சாலையிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு வர இன்னும் பல சோதனைகள், பல வருஷங்கள் ஆகும். இதற்குள் "ஸ்டெம் செல் வைத்தியம்" என்று விளம்பரம் போட்டு, வாதம் போகும், சர்க்கரை போகும், இதயம் புதிதாகும் என்று லட்சக்கணக்கில் பறிக்கும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ரத்தம் சம்பந்தமான குறிப்பிட்ட சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு இதை வியாபாரமாகச் செய்யக்கூடாது என்று 2017-ஆம் வருஷ தேசிய வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. இந்தப் பேச்சை நம்பி ஐந்து சென்ட் நிலத்தையோ தாலியையோ யாரும் விற்க வேண்டாம் என்று தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மெய்யான விஞ்ஞானத்தை ஆதரிப்பவன் போலி விஞ்ஞானத்தை எதிர்த்தே ஆகவேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

ஆராய்ச்சிக்கு வேண்டிய இத்தகைய புரதங்களைத் தயாரிக்கப் பொதுத்துறையில் ஒரு நிலையம் வேண்டும். எல்லாக் கல்லூரிகளுக்கும் அடக்க விலையில் கொடுக்க வேண்டும். இது கனவு அல்ல. செருகிய மரபணு வளையங்களை விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள லாப நோக்கமில்லாத ஸ்தாபனம் ஒன்று 2004 முதல் அமெரிக்காவிலேயே நடக்கிறது. முதலாளித்துவத்தின் கோட்டையில் முடிவது இங்கே ஏன் முடியாது? மக்கள் பணத்தில் கண்டுபிடித்ததை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கக்கூடாது. யாருக்குக் கொடுத்தாலும் விலைக்கு வரம்பு கட்டியே கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிப் பொருளின் மேல் வரியை எடுக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதம் பிறந்ததும் கையில் கிடைக்க வேண்டும்.

"நமக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நெசவாளி தறியில் உட்கார்ந்தாலும் பட்டு உடுத்துவது வேறொருவன். நெல் விளைத்தவன் வீட்டில் அடுப்பு அணைந்த நாட்கள் உண்டு. இப்போது உயிரணுவுக்குள்ளேயே தறி போட்டிருக்கிறார்கள். அட்டை நம் உடம்பிலுள்ளது. பணம் நம் வரியிலிருந்து போகிறது. உழைப்பு நம் பிள்ளைகளுடையது. அந்தத் துணியாவது நம் எல்லோருக்கும் ஆகவேண்டும் என்று இப்போதே கேட்காவிட்டால், பின்னால் கேட்டுப் பயனில்லை.

டீக்கடையில் அந்தப் பெண் கிளம்பும்போது மூத்த தோழர் தம் மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, அவளுடைய டீக்குக் கொடுத்தார். "குப்பிக்குத்தான் என்னால தர முடியாது மக்ளே. ஆனா நீங்க எங்கயாவது கேட்டு நின்னா, கூட வந்து நிக்க முடியும்" என்றார்.

நம் கருத்தும் அதுவே.